எத்தனை விழுங்கினான்

ஞாயிறும் செவ்வாயும் காலை ஏழு மணிக்கெல்லாம் புருஷோத்தமன் வீட்டு வாசலில் கைக்குழந்தைக்காரிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெருநகர் என்கிற பக்கத்துக் கிராமத்திலிருந்து வருவார்கள், உத்திரமேரூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருவார்கள், ஆற்றைத் தாண்டி செய்யாறு பக்கத்திலிருந்துகூட வருவார்கள். பால் கக்குகிற குழந்தை, மூன்று நாளாய்ப் பச்சையாய்ப் பேதி போகிற குழந்தை, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிற குழந்தை, காரணமே தெரியாமல் வீறிடுகிற குழந்தை. அத்தனைக்கும் அந்த வீட்டில் ஒரே பதில்தான்: தொக்கம். தின்றது ஏதோ கீழே இறங்காமல் தொண்டையிலோ குடலிலோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதை எடுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

புருஷோத்தமன் எடுத்துப் போடுவான். குழந்தையை மடியில் மல்லாத்தி, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, கீழிருந்து மேலாக நீவிக்கொண்டே வந்து, தொண்டைக் குழியில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து, மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சுவான். கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்திலிருக்கும் வெள்ளைத் தட்டில் துப்புவான். எச்சிலோடு எச்சிலாக ஒரு முறுக்குத் துண்டு கிடக்கும். தாய்க்காரி அதைப் பார்த்ததும், "ஆமாங்க, முந்தாநாளு எங்க மாமியா முறுக்கு குட்த்திச்சி, வேணாம் வேணாம்னேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிடுவாள்.

அந்த முறுக்கை அரை மணி நேரத்துக்கு முன்னால் உடைத்தவள் செவ்வந்தி, அவன் பெண்டாட்டி.

வாசலில் டோக்கன் கொடுப்பது அவள் வேலை. டோக்கன் கொடுக்கும்போது குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "கடசியா இன்னாம்மா துன்னுச்சி?" என்று கேட்பாள். யாரும் இதில் சூது இருக்கும் என்று நினைக்கமாட்டார்கள். அக்கறையாய் ஒருத்தி கேட்கிறாள், சொல்லிவிடுவார்கள். செவ்வந்தி உள்ளே போய் சமையல்கட்டு மசாலா டப்பாவைத் திறப்பாள். அதில் மிளகுக்கும் சீரகத்துக்கும் பதில் பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, முறுக்கு, பிஸ்கெட், இட்லித் துணுக்கு, வாழைப்பழ நார் எல்லாம் இருக்கும். வேண்டியதை எடுத்து டம்ளர் விளிம்பின் உள்பக்கம் ஒட்டி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் என்று கொண்டுபோய்ப் புருஷனிடம் நீட்டுவாள். அவன் கொப்பளித்துத் துப்பும்போது தண்ணீர் வெளியே வரும், முறுக்கு உள்ளேயே தங்கிவிடும். வித்தை இவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக இதில் சோறு தின்கிறார்கள்.

செவ்வந்திக்கு இதில் உறுத்தல் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அதைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கத் தெரிந்துவைத்திருந்தாள். சளி, காய்ச்சல் மூன்று நாளில் தானாகவே போகும். போகாவிட்டால் டாக்டரிடம் போய்க்கொள்வார்கள். நடுவில் பெற்றவர்களுக்கு ஒரு நிம்மதி, நமக்குப் பிழைப்பு, யாருக்கும் கெடுதல் இல்லை. அப்படி டாக்டரிடம் போக நேரமாகிப்போன குழந்தைகள் எத்தனை என்று அவள் கேட்டதில்லை. அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களும் திரும்பி வந்து சொன்னதில்லை. அவர்களுக்கு ஏது அந்தத் தெம்பு.

இந்த ரகசியம் வீட்டுக்குள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். செவ்வந்தியின் கூடப்பிறந்த தங்கை ஜெயப்பிரியாவுக்குக்கூடத் தெரியாது. பெருநகரில் எலெக்ட்ரீஷியன் கலைச்செல்வனுக்குக் கட்டிக்கொடுத்த பெண் அவள். மாமா கையில் தெய்வம் இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லி, வாரத்துக்கு இரண்டு பேரையாவது அனுப்பிவைப்பாள்.

மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து நின்றாள்.

மணி எட்டு இருக்கும். கலைச்செல்வன் பைக்கை நிறுத்துவதற்குள் குதித்து இறங்கி ஓடிவந்தாள். இடுப்பில் விஜய், ஒன்றேகால் வயதுப் பையன். வாயிலிருந்து எச்சில் ஒழுகி சட்டை முழுக்க நனைந்திருந்தது. பெட்ரோல் டாங்கின் மேல் உட்காரவைத்துக் கூட்டிவந்த நாலு வயதுப் பெண் பவளம், அப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன மாமியாரின் பேரைத் தாங்கிய குழந்தை.

"யக்கா, பையன் பேட்டரி முய்ங்கிட்டான்க்கா."

"இன்னா பேட்டரி?"

கலைச்செல்வன்தான் சொன்னான். "லைட்டு ரிமோட்டுல போடுவாங்களே அண்ணி, வட்டமா, அது. பொங்கலுக்கு உங்க வூட்டுக்கும் ஒரு செட்டு குட்த்தேனே, கலர் கலரா மாறும்ல, அதே செட்டு. இவங்க ரெண்டு பேரும் ரிமோட்ட வெச்சி வெளாடிக்கினு இருந்தாங்க. பாத்தா தட்டு தொறந்து கீது, பேட்டரி காணோம். தம்பி வட்டத்த துன்னுட்டான்னு பவளம் சொல்லுது. வூடு முச்சூடும் தேடிட்டோம்."

"எத்தினி மணிக்கி?"

"ஒரு மணி நேரம் இருக்கும். நான் ஆஸ்பத்திரிக்கே போய்டலாம்னேன். இவதான் கேக்கல."

"ஆஸ்பத்திரின்னா தொண்டையில கொயாய் வுடுவான், மயக்க ஊசி போடுவான்" என்றாள் ஜெயப்பிரியா. "மாமா கைல ரெண்டு நிமிசம். இன்னாத்துக்கு கொயந்தைய கஸ்டப்படுத்தணும்."

வாசலில் உட்கார்ந்திருந்த முப்பது நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொந்த மச்சினிச்சியே தேடி வருகிறாள் என்றால் அதற்கு மேல் என்ன சான்று வேண்டும். ஒருத்தி, "மொதல்ல நீ போம்மா, எங்களுதெல்லாம் ஜுரந்தான்" என்று வழி விட்டாள்.

செவ்வந்தி உள்ளே போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவன் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"ஆஸ்பத்திரிக்கே போவச் சொல்லிடலாங்க. இது நம்ம வேல இல்ல."

"வெளிய எத்தினி பேரு குந்திக்கினு கீறான் பாத்தியா? சொந்த மச்சினிச்சி புள்ளைக்கே ஆவலன்னா நாளைக்கி எவன் வருவான்?"

"அதுக்காவ?"

"காசு முய்ங்கின கொயந்த எத்தினி வந்துகீது இங்க? எல்லாம் ரெண்டு நாள்ல வெளிக்கியில வந்துடுது. இதுவும் காசு மாதிரி ஒரு வட்டந்தான். அதுவரிக்கும் அவங்க ரெண்டு பேரும் உசுர கைல புட்ச்சிக்கினு கெடக்கணுமா? எட்த்துட்டோம்னு காட்னா நிம்மதியா வூட்டுக்குப் போவாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "நம்ம லைட்டு ரிமோட்டு எங்க கீது?"

செவ்வந்தி அசையாமல் நின்றாள். நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. காசு என்ற வார்த்தை அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவளே பார்த்திருக்கிறாளே, எத்தனை ஒரு ரூபாய், எத்தனை சட்டைப் பொத்தான். ஒருவேளை பையன் விழுங்கவே இல்லையோ என்னவோ, நாலு வயதுக் குழந்தை சொல்வதை யார் கண்டது, கட்டில் அடியில் உருண்டு கிடந்தாலும் கிடக்கும். சாமி அலமாரியிலிருந்து ரிமோட்டை எடுத்து, நகத்தால் தட்டை இழுத்து, பேட்டரியை உருவினாள். முந்தானையில் துடைத்து டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பழகிய கை.

முறுக்கு மாதிரி இது சட்டென்று வரக்கூடாது என்று புருஷோத்தமனுக்குத் தெரியும். பெரிய சாமான் என்றால் பெரிய பாடு பட வேண்டும். நாக்குக்கு அடியில் பேட்டரியை அடக்கிக்கொண்டு, பையன் வயிற்றை நீவினான், முதுகை நீவினான், குழாயை வைத்து உறிஞ்சினான், தலையை ஆட்டினான், மறுபடி நீவினான். பையன் காலை உதைத்துக்கொண்டு அழுதான். அழுகை கரகரவென்று, பெரிய மனுஷன் குரல் மாதிரி வந்தது. கால் மணி நேரம் போயிற்று. ஜன்னலில் தலைகள் நிறைந்தன. யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள்.

உள்ளறையில் பவளம் தனியாக இருந்தாள். பெரியம்மா வீட்டுக்கு வந்தால் அவள் நேராகப் போவது அந்த வண்ண விளக்குக்குத்தான். ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். விளக்கு எரியவில்லை. தட்டை இழுத்துப் பார்த்தாள். காலி.

"பெரிம்மா, இதுலியும் வட்டம் இல்ல" என்றாள், கதவுப் பக்கம் வந்து.

செவ்வந்தி அவள் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி பீரோ மேலே எறிந்தாள். "வாயி மேல போட்டன்னா பாரு. குந்து அங்க." பவளத்துக்குப் பெரியம்மா இப்படிப் பேசிப் பழக்கமில்லை. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கூடத்தில் தட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு நாற்பது பேரின் மூச்சு. பேட்டரி எச்சிலில் பளபளத்துக் கிடந்தது. கலைச்செல்வன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். தொழில்காரன் கண். அதே நம்பர், அதே கம்பெனி. "இதேதான்" என்றான். ஜெயப்பிரியா மாமாவின் காலில் விழுந்தாள். பேட்டரியைக் கர்சீப்பில் மடித்து, பர்ஸில் திருப்பதி குங்குமப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"தொண்ட ரணமாய்க்கீது. ரெண்டு நாளு கட்டியா ஒண்ணியும் குடுக்காத. பாலும் கஞ்சியும் குடு" என்றான் புருஷோத்தமன். நாக்கைச் சரியாகப் புரட்ட முடியாமல் கொழகொழவென்று பேசினான்.

வழியனுப்பும்போது செவ்வந்தி தங்கையின் காதோரம், "வெளிக்கிப் போறத கொஞ்சம் பாத்துக்கினு இரு" என்றாள்.

"இன்னாத்துக்குக்கா? அதான் எட்த்தாச்சே."

"சும்மாதான்" என்றாள் செவ்வந்தி.

அன்று மத்தியானமே புருஷோத்தமனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பச்சை மிளகாயைக் கடித்து வைத்துக்கொண்ட மாதிரி நாக்கடி எரிகிறது என்றான். மோர் குடித்தான், நெய் தடவினான். திங்கட்கிழமை ரசம் பட்டதும் கத்திவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை டோக்கன் கொடுக்கும் நேரத்தில், "இத்த கொஞ்சம் பாருடி" என்று வாயைத் திறந்து காட்டினான்.

செவ்வந்தி செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். நாக்குக்கு அடியில் வட்டமாக ஒரு புண். நடுவில் வெந்த முட்டை மாதிரி வெளுத்து, ஓரம் கறுத்திருந்தது. தொட்டால் சதை பிய்ந்து வந்துவிடும் போல இருந்தது. அளவெடுத்து வைத்த மாதிரி அதே வட்டம்.

கால் மணி நேரம் வைத்திருந்ததற்கு இது. பையன் தொண்டைக்குள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருக்கிறது.

"இன்னாங்க, இது காசு இல்ல" என்றாள். "காசு சும்மா கெடக்கும். இது வேவ வெக்கிது."

அவன் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கும் புரியாமல் இல்லை. நாக்கு அவனுடையதல்லவா, புரிந்துதான் இருந்தது.

"இந்நேரம் வெளிய வந்துருக்கும்."

"வர்லன்னா?"

"வர்லன்னா இன்னா பண்ணச் சொல்ற? போயி சொல்லுவியா? நான் வாய்ல வெச்சித் துப்புனது எங்க வூட்டு பேட்டரின்னு சொல்லுவியா? அந்த வீடியோவ ஊரே பாத்துக்கீது. வூட்ட கொளுத்திடுவானுங்க. ரெண்டு பேரும் ஜெயில்ல குந்தணும்." சொல்லிவிட்டு மறுபடி மெதுவாக, "போயிருக்கும்டி. பயப்படாத" என்றான். வெளியே முதல் டோக்கன் குழந்தை அழ ஆரம்பித்திருந்தது. செவ்வந்தி போய், கடைசியாக என்ன தின்றது என்று கேட்டாள்.

புதன்கிழமை அவளால் இருப்புக்கொள்ள முடியவில்லை. புருஷன் கடைத்தெருவுக்குப் போனதும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஜுரம் உடமாட்டேங்குதுக்கா" என்றாள் ஜெயப்பிரியா. "இருமிக்கினே கீறான். பால் குடிச்சா பாதி வாந்தி. இப்பதான் டாக்டர்கிட்ட இட்டுக்கினு போயி வந்தோம்."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"எதுனா முய்ங்கினானான்னு மொதல்ல அதான் கேட்டாரு. ஆமா சார், பேட்டரி, எங்க மாமா எட்த்துட்டாருன்னு காட்னேன். கைல வாங்கிப் பாத்தாரு. அப்பிடின்னா தொண்டையில கீறல் இருக்கும், அதுல ஜுரம்னு சிரப்பு எய்திக் குட்த்தாரு. நல்லவேள பத்திரமா வெச்சிருந்தேன், இல்லன்னா எக்ஸ்ரே அது இதுன்னு அலைய வுட்டுருப்பாரு."

அந்தப் பேட்டரி அந்த டாக்டரின் கண்ணையும் கட்டிவிட்டது. தன் முந்தானையில் துடைத்த பேட்டரி.

"ஜெயா, எதுக்கும் காஞ்சிவரம் போயி ஒரு படம் எட்த்துப் பாரேன்."

"எட்த்தாச்சேக்கா, இன்னும் இன்னாத்துக்குப் படம்?"

இங்கேதான் ஒரு வாக்கியம் இருந்தது. நீளமான வாக்கியம்கூட இல்லை. அது எங்க வூட்டு பேட்டரிடி. நாலே வார்த்தை. செவ்வந்தியின் நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது. அவள் நாக்கில் புண் ஒன்றும் இல்லை, பேசத் தடையில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டது. புருஷன் திரும்பிவிட்டான் என்று நினைத்தாள். அது அடுத்த வீட்டுக்காரன்.

"இல்ல, சும்மா சொன்னேன்" என்றாள்.

"நீ ஒண்ணு, பயந்து சாவற. உன் புருசன் மேல உனுக்கே நம்பிக்க இல்லியா?" என்று ஜெயப்பிரியா சிரித்தாள். பின்னால் பையன் இருமுவது கேட்டது. செவ்வந்தி போனை வைத்தாள்.

வியாழனும் வெள்ளியும் அவள் தங்கைக்குப் போன் செய்யவில்லை. நல்ல சேதி இருந்தால் அவளே கூப்பிடுவாள் என்று சொல்லிக்கொண்டாள். தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். உடைத்த தேங்காயில் கொஞ்சம் கீறி மசாலா டப்பாவிலும் போட்டாள், மறுநாள் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமே. அவளைத் திட்ட வார்த்தை தேடிக் கிடைக்கவில்லை, அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு விஜய் ஜெயப்பிரியாவின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது, சிரித்தான்கூட. பாலை வாந்தி எடுத்தான். வெள்ளையாய் வந்தது. துடைத்துவிட்டாள். அடுத்து வந்தது சிவப்பு. நிற்கவே இல்லை. வாயிலும் மூக்கிலும் குழாய் உடைந்த மாதிரி வந்தது. ஜெயப்பிரியாவின் நைட்டி நனைந்து, தரையில் ஓடி, பவளம் விளையாடிக்கொண்டிருந்த இடம்வரை போயிற்று.

நூற்றெட்டு வண்டி வந்து காஞ்சிபுரம் போய்ச் சேரும்போது உயிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சேதி கேட்டுச் செவ்வந்தியும் புருஷோத்தமனும் போனபோது ஆஸ்பத்திரியில் படம் எடுத்திருந்தார்கள். ஒரு சின்ன வயது லேடி டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். நெஞ்செலும்புக்கு நடுவே வெள்ளையாய் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இன்னொரு மெல்லிய வட்டம்.

"பேட்டரி. தொண்டைக் குழாயை அரிச்சு, பக்கத்துல போற பெரிய ரத்தக் குழாயையும் அரிச்சிடுச்சு. இது ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல எடுக்க வேண்டியதும்மா. இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"எட்த்தாச்சே டாக்டர்" என்றாள் ஜெயப்பிரியா. ரத்தம் காய்ந்த கையால் பர்ஸைத் திறந்து, கர்சீப்பைப் பிரித்து, பேட்டரியை நீட்டினாள். "பாருங்க. இதான் அது. எட்த்தாச்சி."

டாக்டர் அதைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். குழம்பிப்போய், "அப்ப மொத்தம் எத்தனை விழுங்கினான்?" என்று கேட்டாள்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்த இரண்டு பேர் பேசவில்லை. புருஷோத்தமன் தலையைக் குனிந்து நின்றான். பதினோரு மணிக்குப் பையன் போய்விட்டான்.

போலீஸ் வந்து, விளையாட்டுச் சாமானை விழுங்கியதால் என்று எழுதிக்கொண்டு போனது. அன்று சாயங்காலமே ஏரிக்கரைப் பக்கம் புதைத்தார்கள். மறுநாள் பகலில் கலைச்செல்வன் வீட்டில் பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தபந்தம் உட்கார்ந்திருந்தது. அழுது முடித்தவர்களுக்கு இனி யாரையாவது குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. கலைச்செல்வன் உள்ளே போய் மேஜை டிராயரிலிருந்து பேட்டரி அட்டையைக் கொண்டுவந்தான். அஞ்சு இருக்க வேண்டிய அட்டையில் மூன்று இருந்தது.

"ஒண்ணு நான் ரிமோட்டுக்குப் போட்டேன். இன்னொண்ணு எதுக்கு எட்த்தேன்னு நெனப்பில்ல" என்றான். சொல்லிவிட்டு அவன் கண் மெதுவாகப் பவளத்தின் மேல் போய் நின்றது.

பவளம் கதவோரம் நின்று பாவாடை நாடாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவளுக்கு யாரும் தலை வாரவில்லை.

"இங்க வா. டிராயர தொறந்தியா நீ?"

"இல்ல."

"தம்பி எத்தினி முய்ங்கினான்?"

"ஒண்ணு."

அறை விழுந்தது. கலைச்செல்வன் குழந்தையை அதுவரை அடித்ததில்லை, அதனால் எவ்வளவு அடிக்க வேண்டுமென்று அவன் கைக்குத் தெரியவில்லை. பவளம் சுவரில் மோதி நின்றாள். ஜெயப்பிரியா எழுந்து வந்தாள். பிடித்துக்கொள்ள வருகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் மகளின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"ரெண்டுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா மாமா ரெண்டியும் எட்த்துருப்பாருடி. ஒண்ணுன்னு சொன்னியே. எம்புள்ளைய கொன்னுட்டியே. சொல்லு, எத்தினி?"

"ஒண்ணுதாம்மா." குழந்தை தேம்பியது. "தம்பி ஒண்ணுதான் துன்னான். இன்னொண்ணு பெரிம்மா வூட்டுது."

எல்லாரும் செவ்வந்தியைப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. குழந்தை ஏதோ உளறுகிறதே, உனக்கு ஏதாவது புரிகிறதா என்று கேட்பது போலப் பார்த்தார்கள்.

இதோ, குழந்தை கதவைத் திறந்துவிட்டது, உள்ளே நுழைந்தால் போதும். ஆமாம் என்று ஒரு தலையாட்டல். பக்கத்தில் புருஷோத்தமன் கன்னத்துக்குள் நாக்கை அசைப்பது அவளுக்குக் கேட்டது. புண் ஆறிக்கொண்டு வந்தது அவனுக்கு.

"எங்க வூட்டு லைட்டு ரிமோட்ட சொல்லுது. அன்னிக்கி அத்த வெச்சி வெளாடிக்கினு இருந்துச்சி" என்றாள். "கொயந்ததானே, எதுவோ பயத்துல ஒளறுது."

கலைச்செல்வன் மறுபடி கையை ஓங்கினான். செவ்வந்தி ஓடிப்போய் நடுவில் விழுந்து குழந்தையைக் கட்டிக்கொண்டாள். அடி அவள் முதுகில் விழுந்தது. எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள், பெரியம்மாக்காரிக்கு இருக்கிற ஈரம் பெற்றவளுக்கு இல்லையே என்றார்கள். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, பவளத்தின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, முடியை ஒதுக்கிவிட்டாள். தொக்கத்துக்கு வருகிற குழந்தைகளிடம் பேசுவாளே, அதே குரலில் பேசினாள்.

"கண்ணு. பெரிம்மா கேக்கறேன், சொல்லு. சொன்னா யாரும் அடிக்கமாட்டாங்க. தம்பி ரெண்டு முய்ங்கினான்தானே?"

பவளம் பெரியம்மாவின் கண்ணைப் பார்த்தாள். அன்றைக்குக் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கியபோது பார்த்த அதே கண். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள். அப்புறம் தலையாட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லு கண்ணு."

"ரெண்டு" என்றாள் பவளம்.

ஜெயப்பிரியா பெருங்குரலெடுத்து அழுது, மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தெரியாமல் செய்துவிட்டாய் என்று முத்தம் கொடுத்தாள், மன்னித்தாள். நாற்காலிக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். புருஷோத்தமன் முதல் தடவையாக வாய் திறந்து, "ரெண்டுன்னு தெரிஞ்சிருந்தா இன்னொரு பத்து நிமிசம் நீவியிருப்பேன்" என்றான். யாரோ அவனுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

செய்தி பரவியது. வீடியோ ஏற்கெனவே பரவியிருந்தது, இப்போது கதையும் சேர்ந்துகொண்டது. ஒன்றை எடுத்துக்கொடுத்தாராம், பெற்றவர்கள்தான் கணக்கைத் தப்பாகச் சொன்னார்களாம். சாவு வீட்டுக்குப் போய்வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, வாசலில் என்றைக்கும் இல்லாத கூட்டம். சட்டைப் பொத்தான், பாசிமணி, காதுத் திருகாணி என்று விழுங்கின குழந்தைகளாகவே வந்தன. முன்பு அப்படிப்பட்டவர்களில் பாதிப் பேராவது ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

செவ்வந்தி டோக்கன் கொடுத்தாள். முதலில் நின்றவள் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண், கையில் பத்து மாதக் குழந்தை. வாய் நிறைய எச்சில் விட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா முய்ங்கிச்சி?" என்று கேட்டாள் செவ்வந்தி. கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு, அன்றிலிருந்து புதிதாகச் சேர்ந்துகொண்ட இரண்டாவது கேள்வியையும் கேட்டாள்.

"எத்தினி?"